காலைக் கரண்டில் எடுத்த குரல்

அக்காவின் முதல் கேசட்டு அட்டையில் இருந்தது அக்கா இல்லை. யாரோ ஓர் இளம்பெண், முடியை விரித்துப் போட்டுக்கொண்டு, மைக்கை ஐஸ்கிரீம் போலப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். உள்ளே இருந்த குரல் மட்டும்தான் அக்காவுடையது. கடைகளில் அதை வாங்கியவர்கள் ரயில்வே இன்ஸ்டிட்யூட் மேடையில் அக்காவைப் பார்த்துவிட்டு, "அந்தப் பொண்ணு பாட்ட நீங்களும் நல்லாப் பாடறீங்க" என்று பாராட்டிவிட்டுப் போவார்கள்.

கூடப் பிறந்த அக்கா இல்லை. எல்லோரும் அப்படிக் கூப்பிட்டதால் நானும் அப்படியே கூப்பிட்டேன். செகந்திராபாத்தில் தலைமுறைகளாக இருக்கும் தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பம் அவருடையது. நாற்பதைத் தாண்டியவர், கல்யாணம் செய்துகொள்ளாதவர், ரயில்வேயில் டெலிபோன் ஆபரேட்டர். சனிக்கிழமை டான்ஸ்களிலும் கல்யாண வரவேற்புகளிலும் பாடுவார். இங்கிலீஷில் தொடங்கி, தமிழுக்கு வந்து, நடுவில் இரண்டு வரி ஹைதராபாத் ஹிந்தியில் கிண்டலாகப் பாடிவிட்டு முடிப்பார். பாட்டுகளை அவரே கட்டுவார். காதலும் நிலவும் இருக்காது. கம்பெனி பஸ், தண்ணீர் வராத குழாய், லைனில் வழியும் ஆபீசர், இவைதான் இருக்கும்.

நான் அவருக்குப் பின்னால் பேஸ் கிட்டார் வாசித்தேன். எங்கள் அப்பா ஜோலார்பேட்டை பக்கத்திலிருந்து ரயில்வே ஒர்க்ஷாப் வேலைக்கு இங்கே வந்தவர். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்டேன். குஷாய்குடாவில் இருந்த பெரிய எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் எனக்கு பேக்கிங் பிரிவில் வேலை. பேஸ் கிட்டார் என் கைக்கு வந்ததற்கு ஒரே காரணம், வேறு யாரும் அதைக் கேட்கவில்லை. நான்கு கம்பி, அடிச்சத்தம், வாசிப்பவன் பக்கம் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. எனக்கென்றே செய்த வாத்தியம் மாதிரி இருந்தது. இன்ஸ்டிட்யூட் மேடையில் ஒரு கம்பம் உண்டு. அதன் பின்னால்தான் நான் நிற்பேன்.

"தம்பி, கைக்கு அந்தக் கம்பத்துக்குப் பின்னால ஒளியறே? போலீஸ் தேடுதா உன்னை?" என்பார் அக்கா, மைக்கிலேயே. 'கைக்கு' என்றால் ஹைதராபாத் ஹிந்தியில் 'எதுக்கு'. சபை சிரிக்கும். நான் இன்னும் ஓர் அடி பின்னால் போவேன்.

இரண்டாவது கேசட்டுக்கு ஒரு கேசட்டுக் கடைக்காரர் முன்வந்தார். பாய் என்று கூப்பிடுவோம். ஆம்பூர்க் குடும்பம், ஆனால் பிறந்து வளர்ந்ததெல்லாம் செகந்திராபாத். நல்ல மனிதர். பாட்டு கேட்டால் கண்ணை மூடிக்கொள்வார், விலை சொல்லும்போதுதான் திறப்பார். அக்கா அவரிடம் ஒரு நிபந்தனை மட்டும் வைத்தார்.

"பாய், அட்டைல என் மூஞ்சி. உள்ள என் குரல். ரெண்டும் ஒரே ஆளுது. சரின்னா பண்ணலாம்."

"ஹவ் சிஸ்டர், ஆமா, உங்க மூஞ்சிதான். அழகா ஒரு ஃபோட்டோ எடுத்துட்டு வாங்க."

"அழகால்லாம் வராது. நான் வர்ற மாதிரிதான் வரும்."

மல்காஜ்கிரியில் ஒரு வீட்டின் பின்கட்டில் ஸ்டுடியோ இருந்தது. ரஜாய் என்னும் பஞ்சுப் போர்வைகளைச் சுவரில் ஆணி அடித்துத் தொங்கவிட்டு, ஜன்னல்களைப் பலகை வைத்து மூடியிருந்தார்கள். சற்றுத் தள்ளி ரயில் பாதை. வண்டி போகும்போது எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்க வேண்டும். ஸ்டுடியோவை நடத்தியவர் ஒரு தெலுங்குக்காரர். சவுண்டு மாஸ்டர் என்போம். மெட்ராஸில் ஒரு ஸ்டுடியோ கழித்துவிட்ட டேப் மிஷினை வாங்கி வந்து, தானே சரி செய்து வைத்திருந்தார். அகலமான டேப், அதில் தனித்தனியாகப் பதிய நான்கு வரி. இரண்டு வரியில் எங்கள் வாத்தியங்கள், மூன்றாவதில் அக்காவின் குரல், நான்காவதில் கூடப் பாடும் ஆண்கள். எல்லாம் முடிந்ததும் அந்த டேப் மெட்ராஸ் போகும். அங்கே நான்கையும் கலந்து கேசட்டு ஆக்குவார்கள்.

நாங்கள் வேலை செய்த விதம் இது. டிரம்ஸ்காரர், கீபோர்டு வாசிக்கும் சின்ன இன்ஜினியர், நான், மூவருக்கும் ஞாயிறுதான் லீவு. ஆகவே வாத்தியமெல்லாம் ஞாயிறு காலையில் எடுத்தோம். எங்கள் பக்கம் எல்லாக் கம்பெனிகளும் அன்று மூடியிருக்கும், ஊரே அமைதியாக இருக்கும். அக்காவின் குரலை மட்டும் வேலை நாள் சாயங்காலங்களில் எடுத்தோம். எங்களுக்கு ஷிஃப்ட் முடிந்து, அக்காவுக்கு டியூட்டி முடிந்து, விளக்கு வைக்கும் நேரத்தில் கூடுவோம். குரலுக்கு நான் தேவையே இல்லை, ஆனாலும் போவேன். மூலையில் உட்கார்ந்து கேட்பது எனக்குப் பிடிக்கும்.

ஒவ்வொரு சாயங்காலமும் ஒரு சடங்கு நடக்கும். ஞாயிறு எடுத்த வாத்தியத்தை ஓடவிட்டதும் சின்ன இன்ஜினியர் கீபோர்டில் ஒரு கட்டையை அழுத்திப் பார்ப்பான். சேராது. டேப்பில் இருப்பது கொஞ்சம் இறங்கியிருக்கும்.

"டேப் எறங்கியிருக்கு மாஸ்டர்."

"எறங்கியிருந்தா நீயும் எறங்கு பாபு."

அவன் கீபோர்டின் பின்னால் இருக்கும் திருகைத் திருகி இறக்கிக்கொள்வான். டேப்போடு சேர்ந்துவிடும். அக்கா அந்தச் சுருதியில் பாடுவார். எவரும் வேறெதுவும் யோசிக்கவில்லை. மாதா கோயில் ஆர்மோனியம் ஒரு மாதிரி இருந்தால் அதோடு சேர்ந்து பாடிப் பழகியவர்கள் நாங்கள். இருக்கிற சுருதியோடு சேர்ந்துகொள்வதுதான் எங்களுக்குத் தெரிந்த ஒரே வித்தை.

எல்லாப் பாட்டும் முடிந்தன. ஒருமுறை முழுவதும் உட்கார்ந்து கேட்டுவிட்டு டேப்பை அனுப்பலாம் என்று முடிவாயிற்று. எல்லோருக்கும் லீவாக அமைந்த நாள் மே தினம். பாலாநகர், குஷாய்குடா, எங்குமே அன்று ஒரு மிஷின் ஓடவில்லை. பாய் பிரியாணி கொண்டு வந்திருந்தார். சாப்பிட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்தோம். மாஸ்டர் டேப்பை ஓடவிட்டார்.

வாத்தியம் நன்றாக இருந்தது. நாங்கள் வாசித்தபடியே துடிப்பாக இருந்தது. பிறகு குரல் வந்தது.

அது அக்காவின் குரல் இல்லை.

சுருதி சேர்ந்திருந்தது. தாளம் சேர்ந்திருந்தது. சொற்கள் அக்காவின் சொற்கள். ஆனால் பாடியது ஒரு சின்னப் பெண். பதினெட்டு வயதிருக்கலாம். குரல் மெலிந்து, வரி முடியும் இடத்தில் அக்கா தரும் மெதுவான அசைவு இங்கே படபடவென்று நடுங்கியது. ஆண்கள் கூடப் பாடிய இடம் வந்தபோது டிரம்ஸ்காரர் சிரித்துவிட்டார். கோயில் பாடற்குழுவான காயரில் பாடும் தடித்த இளைஞர்கள் இருவரும் அணில் போலக் கேட்டார்கள்.

அக்கா சிரிக்கவில்லை. "நிறுத்துங்க மாஸ்டர்" என்றார். "மறுபடி முதல்லருந்து."

மறுபடியும் அதே பெண்தான் பாடினாள்.

மாஸ்டருக்குக் காரணம் உடனே தெரிந்துவிட்டது. நெற்றியில் கையை வைத்துக்கொண்டார். எனக்குப் புரிந்தவரை சொல்கிறேன். அந்த மிஷினின் மோட்டார் கரண்டை நம்பி ஓடுவது. வேலை நாள் சாயங்காலத்தில் கம்பெனிகளும் ஓடும், வீடுகளில் விளக்கும் எரியும். கரண்டு இழுபறியாகி மோட்டார் மெதுவாகச் சுற்றும். ஞாயிறு காலையிலும் லீவு நாளிலும் சரியான வேகத்தில் சுற்றும். ஞாயிறு எடுத்த வாத்தியம் சாயங்காலத்தில் இறங்கிக் கேட்டது அதனால்தான். அக்கா அந்த மெதுவான டேப்பில் பாடினார். இன்று டேப் சரியான வேகத்தில் ஓடியதும் வாத்தியம் தன் இடத்துக்கு வந்துவிட்டது, குரல் தன் இடத்தைத் தாண்டி மேலே போய்விட்டது. நாங்கள் சாயங்காலம் பாடி, சாயங்காலமே கேட்டு, வீட்டுக்குப் போனோம். மெதுவாகப் பாடியதை மெதுவாகவே கேட்டால் எல்லாம் சரியாகத்தானே இருக்கும்?

"மெட்ராஸ்ல?" என்று கேட்டார் அக்கா.

"மெட்ராஸ்ல பெரிய ஸ்டுடியோ அம்மா. மிஷின் எப்பவும் சரியான ஸ்பீடுதான். அங்கயும் இதே குரல் வரும்."

பாய் கண்ணைத் திறந்தார். முகத்தில் அப்படியொரு சந்தோஷம்.

"சிஸ்டர்! கோவிச்சுக்காதீங்க. இதுதான் ஹிட்டு. பொண்ணு குரல் மாதிரி ஃப்ரெஷ்ஷா கீது. காலேஜ் பசங்க அடிச்சுகினு வாங்குவாங்க."

"பாய், இது நான் இல்ல."

"நீங்கதான் பாடினீங்க, வேற யாரு பாடினா? கரண்டு ஒரு ஹெல்ப் பண்ணிச்சு, அவ்ளோதான். மேக்கப் போட்டா மூஞ்சி மாறல? அந்த மாதிரி."

"போன கேசட்டுல மூஞ்சி போச்சு. இதுல குரலும் போகணுமா?"

"அட்டைலதான் உங்க ஃபோட்டோ போடறேனே!"

"அந்த ஃபோட்டோவும் இந்தக் குரலும் ஒரே ஆளுன்னு யார் நம்புவா? மகள் பாட்டுக்கு அம்மா ஃபோட்டோ போட்டிருக்காங்கன்னு நினைப்பாங்க." அக்கா எழுந்து நின்றுகொண்டார். "டியூட்டில நாள் முழுக்க லைன்ல பேசறேன். அங்க குரல் இப்படித்தான் மெலிஞ்சு போகுது. 'பாப்பா, டிரங்க் கால் போடும்மா'ங்கறான் ஒவ்வொருத்தனும். ரிட்டயர் ஆகப்போற கிழவன் என்னைப் பாப்பாங்கறான். அது கம்பி பண்ற வேலை, போகட்டும்னு விட்டுடறேன். பாட்டுல விட மாட்டேன்."

மறுபடி பாடுவது என்றால் சும்மா இல்லை. டேப்பில் நான்கு வரிதான். புதுக் குரலை வைக்க இடம் வேண்டும் என்றால் பழைய குரலை அழிக்க வேண்டும். நகல் எடுத்து வைக்க இன்னொரு மிஷின் கிடையாது. அன்றைக்கே எடுக்கலாம் என்றால் விளக்கு வைக்கும் நேரம் நெருங்கிவிட்டது, சாயங்காலத்தில் எடுத்தால் இதேதான் நடக்கும். ஞாயிறுக்குக் காத்திருக்க நாள் இல்லை. மெட்ராஸ் ஸ்டுடியோவில் எங்களுக்குக் கொடுத்திருந்த தேதியை விட்டால் பிறகு மாதக்கணக்கில் கிடைக்காது. வெள்ளிக்கிழமை டேப்பை பாய் கையோடு ரயிலில் கொண்டு போவதாக ஏற்பாடு.

"விடியக்காலம் கரண்டு எப்படி இருக்கும்?" அக்கா மாஸ்டரைக் கேட்டார்.

"விடியக்காலம் மஞ்சிகா உண்டுந்தி அம்மா. நல்லா இருக்கும். கம்பெனிகள் சுருவாகி ஓட ஆரம்பிக்கற வரைக்கும்."

"அப்ப நாளைலருந்து விடியக்காலம்."

பாய் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "நக்கோ சிஸ்டர், வேணாம். கையில இருக்கிறத அழிச்சுட்டு, வராதத நம்பி உக்காரச் சொல்றீங்க. வெள்ளிக்கிழமை ரயில்ல டேப்பு போகும். அதுல எது இருக்குதோ அதுதான் கேசட்டு. பாதிப் பாட்டு அழிஞ்சு இருந்தா மீதியோட வரும். நான் நிறுத்தமாட்டேன், அப்புறம் என்னைக் கேக்கக்கூடாது."

"கேக்க மாட்டேன்" என்றார் அக்கா.

மறுநாள் கருக்கலில் நான் சைக்கிளில் போனபோது அக்கா வாசலில் நின்றிருந்தார். கையில் வெந்நீர் ஃபிளாஸ்க். அந்த வாரம் முழுவதும் பகல் டியூட்டியை வேறொருத்தியோடு மாற்றிக்கொண்டிருந்தார். சின்ன இன்ஜினியர் தூங்கி வழிந்துகொண்டே கீபோர்டை மாட்டினான். கட்டையை அழுத்தினான். டேப்போடு அப்படியே சேர்ந்தது. திருகைத் தொடவே இல்லை.

"கரண்டு சரி" என்றான். அதுதான் எங்கள் மீட்டர்.

மாஸ்டர் சிவப்புப் பொத்தானின் மேல் விரலை வைத்துக்கொண்டு அழுத்தாமல் இருந்தார். "அம்மா, ஒக்கசாரி, ஒரு தடவை அழிச்சா போயிந்தி. மறுபடி வராது."

"எனக்கும் அவ மறுபடி வர வேணாம் மாஸ்டர். அமுக்குங்க."

அழுத்தினார். அந்தச் சின்னப் பெண் போய்விட்டாள்.

அப்போதுதான் எங்களில் எவரும் நினைக்காத ஒன்று தெரிந்தது. சாயங்காலங்களில் டேப் இறங்கியிருந்ததால் மேல் இடங்களெல்லாம் அக்காவுக்கு எட்டும் உயரத்தில் இருந்தன. இப்போது டேப் தன் சரியான உயரத்தில் நின்றது. எட்டவேண்டிய இடம் கிட்டத்தட்ட அரைக்கட்டை மேலே போயிருந்தது. அதுவும் விடியக்காலம், தொண்டை திறக்காத நேரம். முதல் பாட்டிலேயே மேல் இடத்தில் குரல் உடைந்தது. இரண்டாம் முறையும் உடைந்தது. வாத்தியத்தை இறக்க முடியாது, அது எடுத்து முடித்தது. எங்கேயும் திருக முடியாத நிலையில் அக்கா மட்டும் ஏறியாக வேண்டியிருந்தது.

"அக்கா, அந்த இடத்துல கீழ பாடிடுங்களேன். யாருக்குத் தெரியப் போகுது" என்றான் சின்ன இன்ஜினியர்.

"எனக்குத் தெரியும்டா."

வெந்நீர் குடித்தார். காலணியைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு நின்றார். அடுத்த முறை அந்த இடத்தில் மெல்லிய குரலில் ஏறப் பார்க்காமல், நெஞ்சிலிருந்தே கூப்பிட்டார். ரயில் நிலையத்தில் கூட்டத்துக்கு நடுவே தன் ஆளைக் கூப்பிடுவது போல் இருந்தது. ஓரத்தில் குரல் கிழிந்தது. ஆனால் இடத்தைத் தொட்டுவிட்டது.

"இன்னொண்ணு எடுக்கலாமா?" என்றார் மாஸ்டர்.

"நக்கோ. அது அப்படியே இருக்கட்டும்."

டேப்பைப் பின்னால் ஓட்டிவிட்டுக் கேட்டோம். நாற்பது வயதுக் குரல்தான். கனமாக, கொஞ்சம் கரகரப்போடு. வீட்டு வாடகை, அம்மாவின் மருந்து, லைனில் வழியும் ஆபீசர், எல்லாம் தெரிந்த குரல். அந்தப் பாட்டையே நான் அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன் என்று தோன்றியது.

அதன் பிறகு ஒவ்வொரு விடியலும் அதே மாதிரி போயிற்று. வண்டிகள்தான் தொல்லை. ஆனால் அக்காவுக்கு டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் எல்லா வண்டியின் சேதியும் தெரியும். "பாசஞ்சர் இன்னும் காஜிபேட்டையே தாண்டல, நேத்து ராத்திரியே சொன்னாங்க. தைரியமா ரெண்டு டேக் எடுக்கலாம்" என்பார். கம்பெனியின் முதல் சங்கு கேட்டதும் நிறுத்திவிடுவோம். நான் சைக்கிளை மிதித்து கம்பெனி பஸ்ஸைப் பிடிப்பேன்.

ஒவ்வொன்றாகப் பாட்டுகள் திரும்பி வந்தன. ஒன்று மட்டும் தள்ளிக்கொண்டே போனது. அது ஷிஃப்டுக்குப் போகிறவனைப் பெண்டாட்டி வாசலில் மடக்கும் பாட்டு. "சங்கு ஊதியாச்சு, சட்டை மாட்டியாச்சு, சொல்லாமப் போறது யாரு?" என்று அவள் கேட்க வேண்டும். "டப்பா கட்டியாச்சு, டயமும் ஆயாச்சு, சாயங்காலம் வந்து பாரு!" என்று அவன் சொல்ல வேண்டும். காயர் இளைஞர்களின் குரலையும் அழித்தாக வேண்டும், அணில் பாட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஆனால் அவர்களில் ஒருவன் அந்த வாரம் இரவு ஷிஃப்ட். மற்றவன் பாலாநகரில் முதல் ஷிஃப்ட், நாங்கள் கூடும் நேரத்தில் அவன் பஸ்ஸில் இருப்பான். டிரம்ஸ்காரர் பாடினால் தாளமே ஓடிவிடும். சின்ன இன்ஜினியர் இங்கிலீஷ் பள்ளியில் படித்தவன், அவன் வாயில் அந்தத் தமிழ் நுழையவில்லை.

வியாழக்கிழமை அக்கா என்னைப் பார்த்தார்.

"தம்பி, நீ பாடு."

"எனக்கு வராதுக்கா."

"கோயில்ல உன் பக்கத்துல நின்னு கேட்டிருக்கேன். வரும்."

"அது கூட்டத்தோட..."

"இதுவும் கூட்டந்தான். நீயும் நானும்." ஃபிளாஸ்க் மூடியைத் திருகி மூடினார். "நாளைக்கு ரயில். இந்தப் பாட்டு இல்லாம கேசட்டு போகலாம், பாய்கிட்ட அதுக்கும் ஒத்துக்கிட்டேன். ஆனா இதுக்காகத்தான் மத்த பாட்டெல்லாம் கட்டினேன். உன்னை வற்புறுத்தல."

வற்புறுத்தியிருந்தால் எளிதாக இருந்திருக்கும். மறுத்துவிட்டுப் போயிருப்பேன்.

சாயங்காலம் வீட்டில் சொன்னேன். என் மனைவி அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். அவள் குடியாத்தத்துக்காரி.

"அதுக்கு இன்னாத்துக்கு மூஞ்சிய இப்டி வச்சினு கீற?"

"மைக்கு முன்னாடி நிக்கணும். ஒரே மைக்கு. அவங்க மூஞ்சிக்கு எதிர்ல."

"தெனம் காலைல என் மூஞ்சிக்கு எதிர்ல நின்னு 'டப்பா எங்க, டப்பா எங்க'னு கத்துறியே, அந்த வாயி எங்க போச்சு? அதான பாட்டு?"

"அது வேற."

"ஒண்ணும் வேற இல்ல. அந்தம்மா கல்யாணம் காட்சி பாக்காதவங்க, இந்தப் பாட்டக் கட்டிக் கீறாங்க. உனக்குப் பெண்டாட்டியே கீறா, உனக்கு வரலியா? போய் பாடுய்யா." முறத்தை ஒரு தட்டு தட்டினாள். "சத்தமா பாடு. அப்புறம் பாட்டுல கேக்கவே இல்லன்னு நான் சொல்லப் போறேன், அழுவப் போற."

வெள்ளிக்கிழமை மாஸ்டர் ஒரே மைக்கை நடுவில் வைத்தார். அக்கா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். கையில் கிட்டார் இல்லாமல் நிற்பது சட்டை இல்லாமல் நிற்பது போல் இருந்தது. கைகளை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அக்கா தன் ஃபிளாஸ்க்கை என் கையில் கொடுத்தார்.

"சோத்து டப்பான்னு நினைச்சுக்கோ. ஷிஃப்டுக்குப் போற ஆளுக்குக் கையில டப்பா வேணாமா?"

பொத்தானை அழுத்தினார்கள். என் அடிச்சத்தம்தான் முதலில் வந்தது, ஞாயிறு காலையில் நான் வாசித்தது. அதைக் கேட்டதும் கால் தன்னால் அசைந்தது. அக்கா கேட்டார், சொல்லாமப் போறது யாரு? நான் வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. நிறுத்தினார்கள். மறுபடியும் ஓடவிட்டார்கள். இந்த முறை வந்தது, ஆனால் மைக்குக்கு எட்டவில்லை என்றார் மாஸ்டர். தூரத்தில் முதல் வண்டியின் கூவல் கேட்டது. நின்றோம். வண்டி முழுவதும் போகும்வரை ஃபிளாஸ்க்கைப் பிடித்துக்கொண்டு அக்காவைப் பார்க்காமல் ரஜாயில் இருந்த பூவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெளுத்துப் போன சிவப்புப் பூ.

"தம்பி, அந்தப் பூவ நக்கோ. என்னைப் பாரு. நான் கேள்வி கேட்டா பதில் சொல்லு, அவ்வளவுதான். பாட வேணாம். சொல்லு."

மூன்றாம் முறை அவர் கேட்டபோது கேள்வி நிஜமாகவே என்னைக் கேட்பது போல் இருந்தது. சொல்லாமப் போறது யாரு? வாசலில் நிற்கும் என் மனைவியும் அந்தக் கம்பத்துக்குப் பின்னால் நான் கழித்த சனிக்கிழமைகளும் ஒரே நொடியில் வந்து போயின. டப்பா கட்டியாச்சு என்றேன். சத்தமாகவே சொல்லியிருக்கிறேன் போல. மாஸ்டர் காதில் மாட்டியிருந்ததைக் கொஞ்சம் விலக்கிக்கொண்டார். டயமும் ஆயாச்சு. அக்கா கண்ணால் சிரித்துக்கொண்டே அடுத்த கேள்விக்குப் போனார். நானும் போனேன். கடைசி வரியை இருவரும் சேர்ந்து பாடும்போது எங்கிருந்தோ கம்பெனிச் சங்கு ஊதியது. பாட்டில் வரும் சங்கு இல்லை, உண்மைச் சங்கு.

மாஸ்டர் தலையில் கையை வைத்தார். "போயிந்தி. டேப்புல ஏறிருச்சு."

"நேரம் இருக்கா?" என்றார் அக்கா.

சின்ன இன்ஜினியர் கட்டையை அழுத்திப் பார்த்தான். டேப்போடு சேரவில்லை. ஒரு மயிரிழை இறங்கியிருந்தது. கம்பெனிகள் தொடங்கிவிட்டன.

"அப்ப சங்கும் இருக்கட்டும். சங்குப் பாட்டுதானே" என்றார் அக்கா. நாங்கள் சிரிக்கத் தொடங்கியபோது பாய் டேப்பை எடுத்துப் போக உள்ளே வந்தார், கையில் பெட்டியோடு.

அன்று சாயங்காலம் ரயிலுக்கு முன்னால் பாய்க்குக் கேட்க நேரமில்லை. மெட்ராஸில்தான் கேட்டார். திரும்பி வந்ததும் நேராக எக்ஸ்சேஞ்சுக்குப் போய் அக்காவைக் கூப்பிட்டாராம். "சிஸ்டர், வயசு தெரியுது" என்றாராம்.

"தெரியட்டும் பாய்."

"இல்ல, கேளுங்க. அங்க கலக்கறவரு பெரிய ஆளு. 'இந்தம்மா யாரு, நிஜமான குரலா இருக்கே'ன்னாரு. எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியல. 'ஹவ், நிஜந்தான்'னு சொன்னேன்."

அட்டையில் அக்காவின் ஃபோட்டோ வந்தது. காட்டன் புடவை, கழுத்தில் சின்னச் சிலுவை, நேராகப் பார்க்கும் முகம். காலேஜ் பையன்கள் அடித்துக்கொண்டு வாங்கவில்லை. எங்கள் காலனிகளில் வாங்கினார்கள், கொஞ்சம் கொஞ்சமாக, நிற்காமல். பாய் மூன்றாவது கேசட்டைப் பற்றித் தானாகவே பேச ஆரம்பித்தபோது அக்கா கேட்டது ஒன்றுதான். "விடியக்காலமா?"

என் மனைவிக்கு அந்தப் பாட்டில் குறை இருந்தது. "அந்தம்மா கேக்குறதுக்கு நீ இவ்ளோ சட்டுனு பதில் சொல்ற. எனக்குச் சொல்றதே இல்ல."

சில வாரம் கழித்து ஒரு நாள் கம்பெனி பஸ்ஸில் டிரைவர் அந்தக் கேசட்டைப் போட்டார். சங்குப் பாட்டு வந்தது. அவருடைய பெட்டியில் ஏதோ கோளாறு, பாட்டு மெதுவாக இழுத்தது. அக்காவின் குரல் ஆண் குரலாகவும் என் குரல் எருமைக் குரலாகவும் கேட்டன. பஸ் முழுக்க, "டப்பா கட்டியாச்சு" என்று கூடப் பாடினார்கள். அது நான் என்று ஒருவருக்கும் தெரியாது. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். ஆனால் அந்த இழுவையைப் பொறுக்க முடியவில்லை. அவ்வளவு பாடுபட்டு விடியக்காலங்களில் எடுத்ததை இப்படி இழுத்துக் கெடுக்கிறார்களே என்று.

சனிக்கிழமை அக்காவிடம் சொன்னேன். அவர் வருத்தப்படவில்லை.

"அது அவங்க பெட்டி தம்பி. ஒவ்வொரு வீட்டுலயும் ஒரு ஸ்பீடுல ஓடும். அது நம்ம கையில இல்ல. நம்ம கையவிட்டுப் போறப்போ சரியாப் போச்சு இல்ல? அதான் வேணும்." மைக்கின் உயரத்தைச் சரி செய்தார். "சரி, சங்குப் பாட்டு கேக்கறாங்க. வர்றியா, இல்ல கம்பத்தையே பாட வைக்கட்டுமா?"

நான் கிட்டாரைக் கழற்றவில்லை. அதை மாட்டிக்கொண்டே கம்பத்தைச் சுற்றிக்கொண்டு இந்தப் பக்கம் வந்தேன்.